பூச்சி என்று பேர் வைத்தோம், பூச்சிமருந்து அடித்தோம்

முப்பத்துநாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கிராமக் கிளைகளில், பயிர்க்கடன் மேஜையில். நெல்லுக்கு ஏக்கருக்கு இவ்வளவு கடன் என்று ஓர் அளவு வைத்திருப்பார்கள். உழவு, விதை, உரம், களை, அறுப்பு என்று வரிவரியாகப் பிரித்திருக்கும். அதில் ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குப் பூச்சிமருந்து என்பதைத் தவிர வேறு அர்த்தம் இருக்க முடியும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எத்தனை விண்ணப்பங்களில் அந்த வரியைத் தாண்டிக் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு, திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக்கரையில் அப்பா விட்டுப்போன இரண்டேகால் ஏக்கரில் நானே இறங்கினேன். இது ஒன்பதாவது சம்பா. நஞ்சில்லாமல்தான் செய்கிறேன். ஆனால் என் வெற்றிக் கதையைச் சொல்ல இதை எழுதவில்லை. சிலந்தியைப் பற்றிச் சொல்லணும். சரியாகச் சொன்னால், சிலந்திக்குப் பேர் வைத்த மனிதர்களைப் பற்றியும், பேர் வைக்காமல் விட்ட நம்மைப் பற்றியும்.

எதிரிக்குப் பத்துப் பேர், நண்பனுக்கு ஒரு பேர்

நெல் விவசாயி ஒருவரிடம் கெடுதல் செய்யும் பூச்சிகளின் பேரைக் கேளுங்கள். புகையான், குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு, ஆனைக்கொம்பன், கதிர்நாவாய்ப்பூச்சி, பச்சைத் தத்துப்பூச்சி, கூண்டுப்புழு, இலைப்பேன்... மூச்சு விடாமல் சொல்வார். அதே வயலில் இராப்பகலாக நமக்கு வேலை பார்க்கிற சிலந்தியைக் காட்டிக் கேளுங்கள். “எட்டுக்கால் பூச்சி” என்பார். இது வேற மாதிரி இருக்கே என்றால், “எல்லாம் எட்டுக்கால் பூச்சிதான் சார்.”

அந்தப் பேரே தப்பு. பூச்சிக்கு ஆறு கால், உடம்பு மூன்று பாகம், தலையில் உணர்கொம்பு. சிலந்திக்கு எட்டுக் கால், உடம்பு இரண்டு பாகம், உணர்கொம்பு கிடையாது, இறக்கையும் கிடையாது. தேளும் உண்ணியும்தான் அதற்குப் பங்காளிகள். வண்டும் வெட்டுக்கிளியும் தூரத்துச் சொந்தம்.

தப்பான பேர் வெறும் சொல்பிழை இல்லை. ஒன்றைப் பூச்சி என்று சொல்லிவிட்டால், அடுத்து அதற்குப் பூச்சிமருந்துதான். கடைக்காரரிடம் போய் “வயல்ல ஒரே பூச்சியா இருக்கு” என்கிறோம். அந்த ‘ஒரே பூச்சி’யில் புகையானும் இருக்கிறது, புகையானைத் தின்கிற சிலந்தியும் இருக்கிறது. திருடனையும் காவல்காரனையும் ஒரே பேரில் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரையும் பிடித்துப் போ என்கிற கதை.

இத்தனைக்கும் சிலந்தி நமக்கு அந்நியமில்லை. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் திருவானைக்காவல். அங்கே ஈசன் தலைமேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது தலபுராணம். ஒரு சிலந்திக்கு ராஜா பிறவியே கொடுத்த ஊர்க்காரர்கள் நாம். வயலில் இருக்கிற சிலந்திக்கு மட்டும் தனிப்பேர் கொடுக்க மனம் வரவில்லை.

ஒன்றா, இரண்டா?

என் மூன்றாவது சம்பாவில் புகையான் வந்தது. பக்கத்து வயல் தம்பி விடியற்காலையில் ஓடி வந்தார்.

“அண்ணே, தூரைத் தட்டிப் பாத்தீங்களா? கொட்டுது. நான் இன்னைக்கே அடிக்கப்போறேன். நீங்க சும்மா இருந்தா உங்க வயல்லேருந்து எனக்கு வந்துரும்.”

எனக்கும் கை நடுங்கியது. இரண்டு வருஷம் கடைப்பிடித்த கொள்கை, ஒரு புகையானுக்குத் தாங்காது போலிருந்தது. அப்போது கைக்கு வந்தது எங்கள் வேளாண் பல்கலைக்கழகம் நெல்லுக்குப் போட்டிருக்கிற பொருளாதாரச் சேதநிலை அட்டவணை. அதில் புகையானுக்கு நேராக இப்படி இருந்தது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் வந்தால் நடவடிக்கை எடு. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறு.

வங்கிக்காரன் கண்ணுக்கு அந்த வரி பளிச்சென்று பட்டது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த ஒன்று இருக்கிறதே, அதுதான் சிலந்தியின் மதிப்பு. பல்கலைக்கழகமே எண் போட்டு எழுதி வைத்திருக்கிறது. நான் முப்பது வருஷமாக அந்த ஒன்றைக் கழிக்காமலே கடன் கொடுத்திருக்கிறேன்.

வரப்பிலிருந்து உள்ளே இறங்கி, மூலைக்கு மூலை நடந்து இருபது குத்துகளை எண்ணினேன். சிலந்தி இருபத்துமூன்று. புகையான் தூருக்குச் சராசரி ஒன்றரை. அட்டவணைப்படி பொறுக்கலாம். தண்ணீரை வடித்தேன், பயிரைப் பட்டம் பட்டமாகப் பிரித்துக் காற்றும் வெயிலும் அடியில் படவைத்தேன், தினமும் எண்ணினேன். ஒன்றரை ஒன்றே முக்கால் ஆனது. பிறகு இறங்கியது. ஆனாலும் கிழக்கு மூலையில் இரண்டு சென்ட் அளவுக்கு வட்டமாகப் புகைந்துதான் போனது. தம்பி மூன்று தடவை அடித்தார். அறுப்பில் மூட்டை அவருக்குத்தான் கூடுதல். மருந்துச் செலவையும் கூலியையும் கழித்துப் பார்த்தபோது கையில் நின்றது எனக்குக் கூடுதல். அவர் இன்றும் அடிக்கிறார், நான் இன்றும் எண்ணுகிறேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை குறையவில்லை.

அந்த இருபத்துமூன்றில்தான் எனக்கு அடுத்த சிக்கல் வந்தது. இருபத்துமூன்றும் ஒரே ஆள் இல்லை. அடித்தூரில் தண்ணீர்மேல் ஓடினது ஒன்று. இலையோடு இலையாகக் குச்சி மாதிரி நீட்டிப் படுத்திருந்தது ஒன்று. காலெல்லாம் முள்ளாக, பூனை மாதிரிப் பாய்ந்தது ஒன்று. எல்லாமே புகையானைத் தின்னுமா? எது அதிகம் தின்னும்? கேள்வி வந்ததும் புத்தகம் தேட ஆரம்பித்தேன். அப்படித்தான் இந்தப் பேர் வைத்த மனிதர்கள் என் வாழ்க்கைக்குள் வந்தார்கள்.

வரி ஆபீஸ்காரர் ஆரம்பித்த பேரேடு

முதல் ஆளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும். கார்ல் கிளர்க், சுவீடன்காரர். ஸ்டாக்ஹோம் நகரத்தின் வரி நிர்வாகத்தில் உத்தியோகம். நம்மைப் போல நோட்டும் கணக்குமாக உட்கார்ந்திருந்த மனுஷன். 1739இல் லின்னேயஸ் பேசிய ஒரு சொற்பொழிவைக் கேட்கப் போனவருக்கு இயற்கைமேல் பித்துப் பிடித்தது. 1757இல் சுவீடன் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி வண்ணப்படங்களோடு ஒரு புத்தகம் போட்டார். அறுபதுக்கும் மேற்பட்ட சிலந்திகளுக்கு இரட்டைப் பேர் முறையில் பேர் வைத்தார்.

உலகத்தில் விலங்குகளுக்கு வைக்கிற அறிவியல் பேரெல்லாம் லின்னேயஸின் 1758ஆம் வருஷப் புத்தகத்திலிருந்துதான் செல்லும். அதற்கு முன் வைத்த பேர் செல்லாது. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள், கிளர்க்கின் சிலந்திப் புத்தகத்துக்கு. குருநாதரின் பேரேட்டுக்கு முன்னால் ஒரு வரி ஆபீஸ்காரரின் பேரேடு நிற்கிறது. மேஜை உத்தியோகம் பார்த்தவனுக்கு இயற்கை தெரியாது என்று யாராவது சொன்னால் இனி இதைச் சொல்லுங்கள்.

இந்த வகைப்பாட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பட்டா வைத்திருக்கிற எல்லோருக்கும் இது பழகின விஷயம். மாவட்டம், வட்டம், குறுவட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று நம் நிலத்துக்கு முகவரி இருக்கிறதா? அதே மாதிரிதான். தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். என் வயலில் தண்ணீர்மேல் ஓடின ஆளின் முகவரி: கணுக்காலிகள் தொகுதி, எண்காலிகள் வகுப்பு, சிலந்தி வரிசை, ஓநாய்ச் சிலந்திக் குடும்பம், பர்டோசா பேரினம், சூடோஅன்னுலாட்டா சிற்றினம்.

மூலப்பத்திரமும் உண்டு. ஒரு சிலந்திக்குப் புதுசாகப் பேர் வைத்தால், எந்தச் சிலந்தியைப் பார்த்துப் பேர் வைத்தார்களோ அதைப் பத்திரமாக ஓர் அருங்காட்சியகத்தில் சாராயப் புட்டியில் போட்டு வைக்கணும். நாளைக்கு இது அதுதானா என்று சந்தேகம் வந்தால், அந்த மூல மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் தீர்ப்பு. அதுவும் கால், நிறம் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆண் சிலந்தியின் முகத்துப் பக்கம் இருக்கிற உணர்காலின் நுனி, பெண்ணின் வயிற்றடியில் உள்ள இனவுறுப்பின் அமைப்பு, இவற்றை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சிற்றினம் பிரிப்பார்கள். ஆணும் பெண்ணும் உருவத்தில் அவ்வளவு வித்தியாசமாக இருப்பதால், ஒரே சிலந்திக்கு இரண்டு பேர் வைத்ததும் நடந்திருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு. பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்து ஒன்றை மூடுவார்கள்.

பெயர் மாற்றமும் உண்டு. நம் ஓநாய்ச் சிலந்தி 1906இல் டரன்டுலா என்ற பேரினத்தில் பதிவானது. பிறகு லைகோசா ஆனது. இப்போது பர்டோசா. உட்பிரிவு மாறவில்லை, புல எண்தான் மாறியது. முதலில் பேர் வைத்தவர்களின் பேரை அடைப்புக்குறிக்குள் போட்டு, வருஷத்தோடு அப்படியே வைத்திருப்பார்கள். நூறு வருஷம் தாண்டின பத்திரத்துக்கும் வில்லங்கம் பார்க்கலாம். நம் நிலத்துக்கு அவ்வளவு சுத்தமான ஆவணம் கிடைத்தால் பாதி வழக்கு குறைந்துவிடும்.

நம் வயலின் மூலப்பத்திரம் எங்கே?

இங்கேதான் எனக்கு மனசு உறுத்த ஆரம்பித்தது. நெல்வயலில் அதிகம் காணப்படுகிற ஐந்து சிலந்திகளை எடுத்துக்கொண்டேன். அவற்றின் பேர் எங்கிருந்து வந்தது?

ஓநாய்ச் சிலந்திக்கு 1906இல் ஜப்பான் நாட்டுச் சிலந்திகளைப் பற்றிய புத்தகத்தில் பேர் வைத்தார்கள். வைத்தவர்கள் ஜெர்மானியர் போசன்பெர்க், நார்வேக்காரர் ஸ்ட்ராண்ட். போசன்பெர்க் 1903இலேயே இறந்துவிட்டார். விட்ட வேலையை ஸ்ட்ராண்ட் முடித்தார். பூனை மாதிரிப் பாய்ந்ததே, அது ஆக்சியோபஸ் ஜாவானஸ். ஜாவாத் தீவின் பேரைத் தாங்கியது. குச்சி மாதிரிப் படுத்திருக்கும் நீளத்தாடைச் சிலந்தி, டெட்ராக்னாதா மாக்சிலோசா. இந்த இரண்டுக்கும் 1887லும் 1895லும் பேர் வைத்தவர் சுவீடன் பேராசிரியர் தோரெல். வலை நடுவில் வெள்ளை நூலால் கோலம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆர்ஜியோப் கேட்டனுலாட்டாவுக்கு 1859இல் பேர் வைத்தவர் தோலெஷல், டச்சுக்காரர்கள் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில் மருத்துவராக இருந்தவர். அடித்தூரில் கடுகளவு இருந்துகொண்டு புகையான் குஞ்சுகளைத் தின்னும் குள்ளச் சிலந்தி, அடிபெனா ஃபார்மோசானா. ஃபார்மோசா என்றால் தைவான். 1977இல் ஜப்பானியர் ஒருவர் வைத்த பேர்.

ஜப்பான், ஜாவா, தைவான். ரெண்டாயிரம் வருஷமாக நெல் விளையும் காவிரிப் படுகையின் பேர் இதில் ஒன்றில்கூட இல்லை. நாம் வைக்கவில்லை, அதனால் இல்லை.

நம் பக்கத்துக்கு ஆளே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் நத்தை மாதிரிச் சுருண்ட கல் கிடைக்குமே, சின்னப்பிள்ளையில் பொறுக்கி விளையாடியிருக்கிறோம். அந்தக் கடல் உயிர்களின் படிமங்களை ஆராய்ந்து பெரிய நூல்களாக எழுதியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில், இன்றைய செக் நாட்டில், 1838இல் பிறந்தவர். 1862இல் கல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறைக்கு வந்தார். கல்லை ஆராய்கிற நேரம் போக இந்தியச் சிலந்திகளையும் பார்த்தார். 1869இல் அவர் எழுதிய கட்டுரையில் பேர் பெற்றதுதான் பியூசீஷியா விரிடானா, செடிகளில் பச்சைப்பசேலென்று இருக்கும் முள்கால் சிலந்தி. வலை கட்டாமல் பாய்ந்து பிடிக்கிற வேட்டைக்காரி. 1874இல் யார்க்கண்டுப் பயணத்திலிருந்து திரும்பும்போது லடாக் மலையில் மூச்சுத் திணறி இறந்தார். வயது முப்பத்தாறு. லே நகரத்தில் கல்லறை இருக்கிறது. பச்சைச் சிலந்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனுஷன் ஞாபகம் வரும்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1920 முதல் 1940 வரை தலைமை வகித்த கிரேவ்லி, இந்திய ஓநாய்ச் சிலந்திகளைப் பற்றி 1924இல் எழுதினார். அதற்கு முன் 1900இல் லண்டன் அருங்காட்சியகத்தின் பொக்காக், பிரிட்டிஷ் இந்தியாவின் சிலந்தி, தேள் வகைகளுக்குத் தனி நூல் போட்டார். பாரிஸில் இருந்த சிமோன் ஆயிரக்கணக்கான சிலந்திகளுக்குப் பேர் வைத்தவர். அதில் இந்தியாவும் இலங்கையும் அடக்கம். இவர்கள் பேர் வைத்த நம் சிலந்திகளின் மூலப்பத்திரங்கள் நிறைய இன்றும் லண்டன், பாரிஸ் புட்டிகளில்தான் இருக்கின்றன. நம் நிலத்தின் தாய்ப்பத்திரம் அடுத்தவர் லாக்கரில்.

அந்தப் பேர் வைத்தலில் ஒரு குறை. அவர்கள் பார்த்தது பெரும்பாலும் செத்த சிலந்தியை. பொக்காக் 1899இல் ஒரு நீல நிறச் சிலந்திக்குப் பேர் வைத்தார். ஆந்திராவின் கூட்டி என்ற ஊரில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு மாதிரி. அது அந்த ஊர்ச் சிலந்தியே இல்லை, மரத்தோடு ரயிலில் வந்திருக்கும் என்கிறார்கள். அப்புறம் நூறு வருஷம் பேர் மட்டும் இருந்தது, ஆளைக் காணோம். 2001இல்தான் நந்தியால், கித்தலூர் இடையே உள்ள காட்டில் மறுபடி கண்டார்கள். இன்றைக்கு அது அழிவின் விளிம்பில். எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது என்று தெரியாமல் பேர் மட்டும் எழுதி வைத்தால் இதுதான் கதி.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வேலையை நம் கைக்குக் கொண்டுவந்தவர் வங்காளத்து டிகாடர். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்தவர். நூற்றுக்கணக்கான பக்கங்களில் இந்தியச் சிலந்திகளை விவரித்தார். 1987இல் கையேடே போட்டார். 2005இல் இந்தியச் சிலந்திகளின் பட்டியல் ஒன்று நம் கோயம்புத்தூரிலிருந்து வரும் ஆய்விதழில் வெளியானது. 1,400க்கும் மேற்பட்ட இனங்கள். இன்று அது இன்னும் கூடியிருக்கிறது. நெல்லுக்கென்றே உழைத்தவர் பிலிப்பைன்ஸின் பாரியன். லிட்சிங்கர் என்பவரோடு சேர்ந்து தெற்கு, தென்கிழக்கு ஆசிய நெல்வயல் சிலந்திகளைப் பற்றி 1995இல் தடித்த புத்தகம் போட்டார். அதில் நூற்றுக்கணக்கானவை அதுவரை பேரில்லாதவை. ஆயிரக்கணக்கான வருஷம் விளைந்த வயலில், 1995வரை நூற்றுக்கணக்கானவை பேரில்லாமலே வேலை பார்த்திருக்கின்றன!

உலகச் சிலந்திகளின் மொத்தப் பேரேடு இப்போது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் பராமரிக்கப்படுகிறது. 2022 ஏப்ரலில் 50,000ஆவது சிலந்தி பதிவானது, பிரேசிலில் கிடைத்த தாவும் சிலந்தி. கிளர்க் ஆரம்பித்த அறுபது சொச்சம் இங்கே வந்து நிற்கிறது.

யார் பேரில் எழுதுகிறோம்?

பேர் என்பது நன்றிக்கடனும்தான். வேலிமுள்ளில் அழுக்குத் துணி சுற்றினது மாதிரிக் கூட்டமாக வலை கட்டி வாழும் சிலந்தி ஒன்று உண்டு, பார்த்திருப்பீர்கள். நூறு, இருநூறு சேர்ந்து ஒரே வீட்டில் இருக்கும். பெரிய பூச்சி சிக்கினால் கூட்டமாகப் போய்ப் பிடிக்கும். கூட்டுப்பண்ணை என்றால் அதுதான். 1892இல் கார்ஷ் அதற்கு ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம் என்று பேர் வைத்தார். இலங்கையிலிருந்து சேகரித்துக் கொடுத்த பாசல் நகரத்து சரசின் உறவினர்கள் இருவரின் ஞாபகமாக. வேலியைக் காட்டிக் கொடுத்த உள்ளூர்க்காரர் யாரோ, அவர் பேர் அதில் இல்லை.

இப்போது காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. போர் முடிந்த பிறகு வடக்கு இலங்கையில் மாங்குளம் பக்கம் கண்ட ஒரு பெரிய சிலந்திக்கு, ஆய்வாளர்களுக்கு வழிகாட்டி உதவிய காவல்துறை அதிகாரியின் பேரை 2012இல் வைத்தார்கள். மகாராஷ்டிராவில் கண்ட ஒரு தாவும் சிலந்திக்கு, மும்பைத் தாக்குதலில் வெறுங்கையோடு நின்று உயிர்விட்ட காவலர் துக்காராம் ஓம்பிளேயின் பேரை வைத்தார்கள். நாளைக்கு ஒரு களையெடுக்கிற அம்மாவின் பேரையும் வைக்கலாம். அந்த அம்மா முதலில் அதைப் பார்த்துச் சொல்லணும். நாம் காது கொடுக்கணும்.

நம் தோழர்கள் சிலரிடம் இதைப் பேசும்போது இரண்டு மறுப்பு வரும். ஒன்று, “பேர் தெரியாட்டி என்ன சார்? மருந்து அடிக்காம விட்டா சிலந்தி தானா வரும். இயற்கைக்குப் பேர் வேணுமா?” இரண்டு, “இதெல்லாம் வெள்ளைக்காரன் வச்ச பேர். நமக்கெதுக்கு?”

இரண்டாவதுக்கு முதலில் பதில். லத்தீன் பேரை மனப்பாடம் பண்ணச் சொல்லவில்லை. அந்தப் பேர், ஜப்பான்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும் நாமும் ஒரே சிலந்தியைத்தான் பேசுகிறோம் என்று உறுதிப்படுத்துகிற கணக்கு எண். வீட்டில் கூப்பிடுகிற பேர் வேறு, கணக்கு எண் வேறு. இரண்டும் வேணும். கூப்பிடுகிற பேரை நாம்தான் வைக்கணும். அதை லண்டன்காரர் வைக்க முடியாது.

முதல் மறுப்புதான் எனக்குக் கவலை. ஏனென்றால் அதைச் சொல்கிற நாமே ‘இயற்கை மருந்து’ என்று சொல்லிக்கொண்டு தட்டில் எண்ணாமல் அடிக்கிறோம். அக்னி அஸ்திரத்தில் புகையிலை இருக்கிறது. புகையிலையின் நஞ்சு புகையானை மட்டும் தேடிப் போய்க் கொல்லுமா? சிலந்திக்கு இது இயற்கை நஞ்சு, அது ரசாயன நஞ்சு என்று வித்தியாசம் தெரியுமா? பக்கத்து வயல் தம்பி காலண்டர் பார்த்து மருந்து அடிக்கிறார், நாம் காலண்டர் பார்த்துக் கரைசல் அடிக்கிறோம். எண்ணிப் பார்க்காமல் அடிக்கிறதில் இரண்டு பேரும் ஒரே கட்சி. இதைச் சொன்னால் கூட்டத்தில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

வங்கியில் ஒன்று படித்தேன். எந்தக் கணக்கு என்று தெரியாத பணத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோம். அங்கே கிடக்கிற பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை. காணாமல் போனாலும் அழ ஆளில்லை. நம் சிலந்திகள் இத்தனை காலமாக சஸ்பென்ஸ் கணக்கில்தான் கிடக்கின்றன. இந்தோனேசியா பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அடிக்க அடிக்கப் புகையான் பெருகி, கடைசியில் 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். சிலந்தி செத்ததால்தான் புகையான் பெருகியது என்பதை எண்ணிக் காட்டியதால்தான் அந்தத் தடை சாத்தியமானது. எண்ணுவதற்கு முதலில் இது சிலந்தி, இது புகையான் என்று பிரிக்கத் தெரியணும்.

அதனால் நான் கேட்பது நாலு விஷயம்.

முதலாவது, ‘எட்டுக்கால் பூச்சி’ என்ற சொல்லை நம் பத்திரிகையிலும் கூட்டத்திலும் விட்டுவிடுவோம். சிலந்தி என்றே சொல்வோம். வயலில் ஐந்து குழுவாகவாவது பிரிப்போம். ஓடுகிறது, பாய்கிறது, தாவுகிறது, வட்டவலை கட்டுகிறது, அடித்தூரில் குட்டியாக இருக்கிறது. இதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. ஓநாய்ச் சிலந்தி வாலடியில் முட்டைப் பையை ஒட்டிக்கொண்டு ஓடும், குஞ்சு பொரித்தால் முதுகில் சுமக்கும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

இரண்டாவது, எதை அடிக்கும் முன்பும், கரைசலாக இருந்தாலும், இருபது குத்து எண்ணி நோட்டில் எழுதுவோம். அரை மணி நேர வேலை.

மூன்றாவது, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்கணும் என்று 2002ஆம் வருஷப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் ஏற்பாடு இருக்கிறது. அதில் மூலிகையும் மரமும் எழுதுகிறோம். சிலந்திக்கு ஒரு பக்கம் ஒதுக்குவோம். பெரியவர்களிடம் கேட்டு ஊர்ப்பேர் இருந்தால் முதலில் அதை எழுதுவோம்.

நாலாவது என் பழைய மேஜைக்கு. பயிர்க்கடனில் ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்ற வரி மருந்துக்கு மட்டும் இருக்கக்கூடாது. எண்ணுகிற ஆளுக்குக் கூலி, வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு போடுகிற செலவு, பட்டம் விட்டு நடுகிற கூடுதல் கூலி, எல்லாம் அந்த வரியில் வரணும். அதிகாரியாக இருந்தபோது எனக்கு இது தெரியவில்லை. இன்று அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காவது தெரியட்டும்.

என் நோட்டில் இந்தச் சம்பாவில் இதுவரை பதினோரு வகை. ஏழுக்குக் குடும்பம் சொல்லிவிடுவேன். மூன்றுக்கு நாங்களே வீட்டில் பேர் வைத்திருக்கிறோம். மிச்சம் ஒன்று, வாய்க்கால் ஓரத்துக் கோரையில் இருக்கிறது, பழுப்பு முதுகில் வெள்ளைக் கோடு. நேற்று ஒரு புகையானைப் பிடித்துத் தின்றதைக் கண்ணால் பார்த்தேன். பேர் தெரியவில்லை என்று எழுதி, தேதி போட்டு, என்ன தின்றது என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள். தெரியாதவர்கள் உங்கள் வயலில் தேடுங்கள்.